தாலாட்டில் பியானோவுக்கு என்ன வேலை?

பியானோவில் ஒரு கட்டையை அழுத்தினால், உள்ளே கம்பளி போர்த்திய சிறு சுத்தியல் கம்பியைத் தட்டிவிட்டு உடனே விலகிவிடும். அந்த நொடியிலிருந்தே ஓசை தேய ஆரம்பிக்கிறது. அதை மறுபடி பெரிதாக்க வாசிப்பவரால் முடியாது. சேர்ந்திசைக் குழு அப்படியில்லை. ஒருவர் மூச்செடுக்கும்போது பக்கத்திலிருப்பவர் பாடிக்கொண்டிருந்தால் போதும், ஒரே சுரத்தை எவ்வளவு நேரம் வேண்டுமானாலும் நிறுத்தலாம். இந்த இரண்டையும் வைத்துக்கொண்டுதான் தாலாட்டு அமைக்க வேண்டும்.

ருட்யார்ட் கிப்ளிங்கின் ‘ஜங்கிள் புக்’கில் (1894) வெள்ளை சீல் (கடல்நாய்) குட்டியின் கதைக்கு முன்னால் எட்டு வரித் தாலாட்டு ஒன்று வரும். அமெரிக்கரான எரிக் விட்டேகர் அதற்குச் சேர்ந்திசையும் பியானோவுமாக இசையமைத்தார். முதலில் அது ஓர் அனிமேஷன் படத்துக்காக எழுதியது. ஸ்டூடியோ மனம் மாறி ‘குங் ஃபூ பாண்டா’ எடுக்கப் போய்விட்டது. பாட்டு தப்பித்தது என்றுதான் சொல்வேன்.

கவிதையிலேயே பாதி இசை இருக்கிறது. அதன் தொடக்கமான ‘ஓ ஹஷ் தீ மை பேபி’யைச் சொல்லிப் பாருங்கள். ‘ஹஷ்’, ‘பே’ இரண்டிலும் அழுத்தம் விழுகிறது. நடுவில் இரண்டு மெல்லிய அசைகள். தகிட, தகிட என்று மூன்று மூன்றாகப் போகிற நடை. இசையமைப்பாளர் செய்ய வேண்டியது, அழுத்த அசையைத் தாளத்தின் தட்டில் உட்காரவைப்பது. முதல் ‘ஓ’ தட்டுக்கு முன்பே தொடங்கிவிடும்.

குரல்கள் நீண்டு நிற்கும்போது பியானோ சும்மா இருந்தால் அதன் ஓசை செத்துவிடும். அதனால் ஒரே கூட்டுச்சுரத்தை (சேர்ந்து ஒலிக்கும் சில சுரங்களை) உடைத்து, கீழிருந்து மேலாக, மேலிருந்து கீழாக ஒவ்வொரு சுரமாகத் தட்டிக்கொண்டே இருப்பார்கள். வலது பெடலை மிதித்தால் கம்பிகளை அமுக்கி ஓசையை அடக்கும் சிறு மெத்தைகள் எழும்பி நிற்கும். பழைய சுரம் தேய்வதற்குள் புதியது சேர்ந்துகொள்ளும். தொட்டில் ஆடுவது போன்ற அசைவு இப்படித்தான் கிடைக்கிறது. ஜெனீவா பல்கலைக்கழகத்தார் 2019-ல் வெளியிட்ட ஆய்வில், நான்கு நொடிக்கு ஒரு முறை ஆடும் கட்டிலில் படுத்த பெரியவர்கள் சீக்கிரம் தூங்கிப்போனார்கள். (பியானோ கேட்டாலும் அப்படி வரும் என்று அவர்கள் சொல்லவில்லை.)

உயிரெழுத்துகளிலும் ஒரு சிக்கல் உண்டு. ‘ஸ்லீப்’, ‘சீஸ்’ (கடல்கள்) போன்ற சொற்களின் ‘ஈ’யை சோப்ரானோ எனும் மிக உயர்ந்த பெண்குரலின் உச்சத்தில் வைத்தால் அது ‘ஈ’யாகவே கேட்காது. வாய்க்குள் ‘ஈ’க்குரிய முதல் ஒத்ததிர்வு (வாய்க்குழி தானாகப் பெருக்கிக்காட்டும் அதிர்வு) ஏறக்குறைய 300 ஹெர்ட்ஸ்தான், பாடும் சுருதி அதை வெகுவாகத் தாண்டிவிட்டால் எழுத்தின் அடையாளமே கரைந்துவிடும். சுரத்தைக் கொஞ்சம் இறக்கி எழுதுவதே நல்லது.

கிப்ளிங்கின் கடைசி வரியில் ‘ஸ’கர ஓசைகள் நிறைய. நாற்பது பேர் நாற்பது கணத்தில் ‘ஸ்’ என்றால் பாம்புப் புற்று மாதிரிக் கேட்கும். பல நடத்துனர்கள் வரிசைக்கு ஓரிருவரை மட்டும் அதைச் சொல்லவைத்து, மற்றவர்களை உயிரெழுத்தோடு நிறுத்திவிடுகிறார்கள். அரங்கின் பின்வரிசையில் இருப்பவருக்கு வித்தியாசமே தெரியாது.