நெருக்கடி நாள்களில் எழுத்தை எப்படிக் காப்பாற்றுவது?

ஆலோசனைக்கு வரும் எழுத்தாளர்கள் பெரும்பாலும் எழுத்தைப் பற்றிப் பேச வருவதில்லை. வேலை போயிருக்கும், வீட்டில் ஒருவர் படுத்த படுக்கையாக இருப்பார், அல்லது மணவாழ்வு முறியும் நிலைக்கு வந்திருக்கும். அதையெல்லாம் சொல்லி முடித்து எழும்போது தயங்கித் தயங்கி ஒன்று சொல்வார்கள்: "இப்போதெல்லாம் ஒரு வரிகூட எழுத வரவில்லை." இவ்வளவு கஷ்டத்துக்கு நடுவில் இதைப் போய்ச் சொல்கிறோமே என்ற கூச்சம் குரலில் இருக்கும். அவர்களை மறுபடி உட்காரச் சொல்வேன். எழுதிப் பழகியவர் தனக்கு நேர்வதைப் புரிந்துகொள்வதே எழுத்தின் வழியாகத்தான். மிகவும் தேவைப்படும் நேரத்தில் அந்த வழி அடைபடுவது பெரிய இழப்பு.

திறமை வற்றிவிட்டதோ என்ற பயம்தான் பலரையும் வாட்டுகிறது. கதை எழுதும்போது பலவற்றை ஒரே நேரத்தில் மனத்தில் ஏந்தியிருக்க வேண்டும்: பாத்திரத்தின் குரல், போன பத்தியில் அவள் சொன்ன பொய், அடுத்து வரப்போகும் திருப்பம், கையில் இருக்கும் வாக்கியத்தின் ஓசை. இந்த வேலையைச் செய்வது நெற்றிக்குப் பின்னால் இருக்கும் மூளையின் முன்பகுதி. நம் கட்டுப்பாட்டில் இல்லாத அழுத்தம் வரும்போது மூளையில் நார்அட்ரினலின், டோபமைன் என்ற வேதிப்பொருள்கள் அளவு மீறிச் சுரக்கின்றன. அப்போது சட்டென்று தளர்வது அந்த முன்பகுதிதான். ஆபத்தைக் கவனிக்கும் அமிக்டலா என்ற மூளைப்பகுதியின் கை ஓங்குகிறது. அடுத்த வாக்கியத்தைத் தேட வேண்டிய மனம், மருத்துவமனையிலிருந்து வரக்கூடிய அழைப்புக்குக் காது கொடுத்தபடியே இருக்கிறது.

2009இல் வெளிவந்த ஓர் ஆய்வில், பெரிய தேர்வுக்காக வாரக்கணக்கில் அழுத்தத்தில் இருந்த மருத்துவ மாணவர்களுக்கு, கவனத்தை ஒன்றிலிருந்து இன்னொன்றுக்கு மாற்றும் திறன் குறைந்திருந்தது. தேர்வு முடிந்து ஒரு மாதம் கழித்துப் பரிசோதித்தபோது அது மீண்டிருந்தது. அவர்கள் இளைஞர்கள், ஆரோக்கியமானவர்கள். எல்லோருக்கும் ஒரு மாதத்தில் சரியாகிவிடும் என்று நான் வாக்களிக்க மாட்டேன். ஆனால் எழுத வராமல் போனதை வைத்து உங்கள் திறமையை எடைபோட வேண்டாம் என்று உறுதியாகச் சொல்வேன்.

அதனால் நான் கேட்டுக்கொள்வது இதுதான்: நெருக்கடி தீரும்வரை பழைய அளவை விட்டுவிடுங்கள், பழக்கத்தை மட்டும் விடாதீர்கள். தினம் ஆயிரம் சொல் எழுதியவர் இப்போது மூன்று வரி எழுதினால் போதும். அதே நாற்காலி, முடிந்தால் அதே நேரம். ஒரே நேரத்தில் உட்கார முடியாவிட்டால், எந்த நாளிலும் தவறாமல் நடக்கும் ஒரு செயலோடு எழுத்தைச் சேர்த்துவிடலாம்; பல் துலக்கியவுடன் என்று வைத்துக்கொள்ளலாம். லண்டன் யுனிவர்சிட்டி காலேஜில் பிலிப்பா லாலியும் சகாக்களும் 96 பேரைக் கொண்டு செய்த ஆய்வில், ஒரு புதிய செயல் பழக்கமாவதற்குச் சராசரியாக 66 நாள்கள் ஆயின. ஆளுக்கு ஆள் அது 18 முதல் 254 நாள்கள் வரை வேறுபட்டது. அந்த ஆய்வில் எனக்கு மிகவும் பிடித்த செய்தி வேறு: இடையில் ஒரு நாள் தவறியதால் பழக்கம் குலைந்துவிடவில்லை. நேற்று எழுதவில்லையே என்று இன்றும் எழுதாமல் இருப்பவர்களிடம் இதைத் திரும்பத் திரும்பச் சொல்கிறேன்.

அந்த மூன்று வரிகளில் எதை எழுதுவது? அம்மாவை மருத்துவமனையில் வைத்துப் பார்த்துக்கொண்டிருந்த ஒருவர் என்னிடம் வந்தார் (அடையாளம் தெரியாதபடி சில விவரங்களை மாற்றியிருக்கிறேன்). பாதியில் நின்ற நாவலின் கோப்பைத் திறப்பார், கடைசி வரியைப் படிப்பார், மூடிவிடுவார். நாவலை அப்படியே இருக்க விட்டு, உள்ளங்கைக்குள் அடங்கும் ஒரு நோட்டில் அன்று கண்ணில் பட்ட ஒன்றை மட்டும் எழுதச் சொன்னேன். எப்படி உணர்கிறேன் என்பது வேண்டாம், பார்த்தது போதும். அடுத்த முறை அந்த நோட்டைக் காட்டினார். தள்ளுவண்டியின் நான்கு சக்கரங்களில் ஒன்று மட்டும் தரையைத் தொடாமல் காற்றில் சுற்றிக்கொண்டே போனதைப் பற்றி இரண்டு வரிகள். அதற்குக் கீழே, விசையைத் தொட்ட பிறகு விளக்கு எரிய எவ்வளவு நேரம் பிடிக்கிறது என்று ஒரு வரி. அவர் அழுததும் அஞ்சியதும் அந்தப் பக்கத்தில் எங்கும் இல்லை. ஆனால் அவை எழுத்தாளர் ஒருவர் எழுதிய வரிகள். சில வாரங்களில் அவருடைய நாவலின் நாயகி அந்த வண்டியைத் தள்ளத் தொடங்கினாள்.

மனத்தில் இருப்பதைக் கொட்டித் தீர்க்கும் எழுத்தும் உண்டு. அதற்குப் பலன் இருக்கிறது. ஜேம்ஸ் பென்னிபேக்கரும் சாண்ட்ரா பீலும் 1986இல் வெளியிட்ட ஆய்வில், மாணவர்கள் தங்களை உலுக்கிய நிகழ்வுகளைப் பற்றி நான்கு நாள்கள், நாளுக்கு 15 நிமிடம் எழுதினார்கள். எழுதி முடித்த கையோடு அவர்களின் மனநிலை மோசமாகவே இருந்தது. ஆனால் நடந்ததையும் அதனால் ஏற்பட்ட உணர்வையும் சேர்த்து எழுதியவர்கள், பிறகு வந்த மாதங்களில் மருத்துவ உதவி தேடிச் சென்றது குறைந்தது. இத்தகைய 146 ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்த 2006ஆம் ஆண்டுக் கட்டுரை, பலன் உண்டு, ஆனால் சராசரியாகச் சிறியது என்றே சொல்கிறது. எழுதினால் எல்லாம் தீரும் என்று சொல்பவர்களை நம்பிவிடாதீர்கள்.

புனைவு எழுதுகிறவர்களுக்கு நான் எடுத்துச் சொல்வது 1996இல் வந்த ஓர் ஆய்வை. மெலனி கிரீன்பெர்க்கும் சகாக்களும் கல்லூரி மாணவியரில் ஒரு பகுதியினரைத் தங்களுக்கு நேராத, கற்பனையான ஒரு துயரத்தைப் பற்றி எழுதச் சொன்னார்கள். சொந்தத் துயரத்தை எழுதியவர்களைப் போலவே அவர்களும் பிறகு நோய்க்காக மருத்துவரை நாடியது குறைந்தது. அதுவும், எழுதி முடித்த நேரத்தில் சொந்தத் துயரத்தை எழுதியவர்கள் அளவுக்கு அவர்கள் சோர்ந்துபோகவில்லை. கதைக்குள் இன்னொருத்தியின் துக்கத்தை எழுதும்போது நமக்குக் கிடைக்கும் இடைவெளியை யாரும் தப்பித்தல் என்று இகழ வேண்டாம்.

எச்சரிக்கையாக இருக்க வேண்டிய இடமும் உண்டு. ஒரே காயத்தை ஒரே சொற்களில் திரும்பத் திரும்ப எழுதுவது, அசைபோடுவதைக் காகிதத்துக்கு மாற்றுவது மட்டுமே. ஒரு வாரத்துப் பக்கங்களைப் புரட்டிப் பாருங்கள். புதிய விவரமோ புதிய கேள்வியோ எதுவும் இல்லாவிட்டால், 'நான்' என்பதை 'அவள்' என்றோ 'அவன்' என்றோ மாற்றி எழுதிப் பார்க்கலாம். அதுவும் உதவாவிட்டால் சிறிது காலம் அந்த விஷயத்தை எழுதாமல் விடுவது நல்லது. பேரிழப்பு நேர்ந்த முதல் நாள்களில் அதைத் தோண்டி எழுதவே வேண்டாம். எழுதும்போது நெஞ்சு படபடத்தால் பேனாவைக் கீழே வைத்துவிடுங்கள். தொடங்கிய பக்கத்தை முடித்தே தீர வேண்டும் என்ற கட்டாயம் கிடையாது. தூங்கப் போகும் முன் காயங்களைத் திறக்காதீர்கள். அதற்குப் பதிலாக ஐந்து நிமிடம் நாளை செய்ய வேண்டியவற்றைப் பட்டியலிடலாம். அப்படிச் செய்தவர்கள் விரைவில் தூங்கிப்போனதாக 2018இல் வந்த ஓர் ஆய்வு காட்டியது. வீட்டில் உள்ளவர்களுக்கும் ஒரு வேண்டுகோள்: அந்த நோட்டை எடுத்துப் படிக்காதீர்கள். யாரோ படிக்கிறார்கள் என்று தெரிந்த கணமே எழுதுபவர் பொய் சொல்லத் தொடங்கிவிடுவார்.

எழுத்து மட்டும் நின்றிருந்தால் பொறுத்திருக்கலாம். எதிலும் நாட்டமில்லாமல், தூக்கமும் பசியும் கெட்டு, நாள் முழுவதும் மனம் கனத்துக் கிடப்பது இரண்டு வாரங்களுக்கு மேல் நீடித்தால் மனநல மருத்துவரைப் பார்க்க வேண்டும். நான் இல்லாமல் போனால் எல்லோருக்கும் நிம்மதி என்பது போன்ற ஒரு வரி உங்கள் நோட்டில் விழுந்திருந்தால் இரண்டு வாரம் காத்திருக்க வேண்டாம். அதை அன்றைக்கே இன்னொரு மனிதரிடம் சொல்லுங்கள். அன்றைக்கே உதவி தேடுங்கள். வாய்விட்டுச் சொல்ல முடியவில்லையென்றால் நோட்டை எடுத்துச் சென்று அந்தப் பக்கத்தைத் திறந்து மருத்துவரிடம் நீட்டினால் போதும். அதற்கு மேல் கேட்க வேண்டியதை அவர் கேட்டுக்கொள்வார்.