பூச்சுக்கு அடியில் ஊரும் புழு

என் 1999ஆம் ஆண்டு ஃபோர்டு எஃப்-150 பிக்கப் டிரக்குக்கு அலாய் வீல், அதாவது அலுமினியக் கலவையில் வார்த்த சக்கரம், மாட்டும் ஆசையில், டெட்ராய்ட்டுக்கு மேற்கே உள்ள ஒரு காயலான் கடையில் நான்கு பழைய சக்கரங்களை வாங்கி வந்தேன். நம் ஊர்க் காயலான் கடையை நினைத்துக்கொள்ள வேண்டாம். இங்கே ஆயுள் முடிந்த வண்டிகள் ஏக்கர் கணக்கில் வரிசையாக நிற்கும். நாமே ஸ்பானரோடு போய்க் கழற்றிக்கொள்ள வேண்டும்.

கழற்றும் முன் அளவு பார்ப்பது அவசியம். 1996 மாடல் வரையிலான எஃப்-150-இல் ஐந்து போல்ட்டுகளும் 139.7 மில்லிமீட்டர் விட்டமுள்ள வட்டத்தில் அமைந்திருக்கும். 1997 மாடலில் அந்த வட்டம் 135 ஆகச் சுருங்கியது. 2004இல் வந்த புதிய வடிவத்தில் வட்டம் அதே 135தான், போல்ட்டுகள் ஆறு. 4.7 மில்லிமீட்டர் வித்தியாசம் கண்ணுக்குத் தெரியாது. சக்கரம் வந்து பொருந்தும் அச்சு முனையான ஹப்பில் மாட்டும்போது தெரிந்துவிடும்.

வீட்டுக்குக் கொண்டுவந்து கழுவிய பிறகுதான் புழுக்களைப் பார்த்தேன். தக்காளி இலையில் பூச்சி ஒன்று உள்ளுக்குள்ளேயே தின்றுகொண்டு போய், வளைந்து நெளிந்த வெள்ளைக் கோடு விட்டிருக்குமே, அப்படியே இருந்தது. மேலே கண்ணாடிபோன்ற பூச்சு முழுசாக இருக்கிறது. விரலால் தடவினால் வழவழப்பு. அதற்கு அடியில் ஒரு மில்லிமீட்டர்கூட அகலமில்லாத வெண்ணிற இழைகள், ஒரு சின்னக் கல்லடித் தழும்பிலிருந்து புறப்பட்டு நாலாபக்கமும் ஓடியிருந்தன. இழை அரிப்பு என்று இதைச் சொல்லலாம்.

அலுமினியம் துருப்பிடிக்காது என்பது பாதி உண்மை. காற்றுப் பட்ட கணமே அதன்மேல் சில நானோமீட்டர் கனத்தில் ஓர் ஆக்சைடு படலம் மூடிக்கொள்கிறது. தலைமுடியின் கனத்தில் பல்லாயிரத்தில் ஒரு பங்குதான் என்றாலும், கீறினால் தானே மறுபடி வளரும் கவசம் அது. அந்தக் கவசத்தை உடைப்பதில் உப்பிலுள்ள குளோரைடு கெட்டிக்காரன். கல் தெறித்துப் பூச்சில் விழுந்த துளை வழியே உப்புநீர் இறங்குகிறது. இழையின் தலைப்பகுதியில் ஆக்சிஜன் குறைவு. அங்கே அலுமினியம் கரைகிறது, கரைந்த உலோகம் தண்ணீரோடு சேர்ந்து அமிலத்தை உண்டாக்குகிறது, அந்த அமிலம் இன்னும் கொஞ்சம் உலோகத்தைக் கரைக்கிறது. வால்பகுதியில் வெள்ளைப் பொடியாக அலுமினியம் ஹைட்ராக்சைடு படிகிறது. பொடிக்குள் புகுந்துவரும் காற்று தலைக்குப் பின்புறம் ஆக்சிஜனைக் கொண்டுவந்து சேர்க்கிறது. முன்னால் ஆக்சிஜன் இல்லை, பின்னால் இருக்கிறது. இந்த ஏற்றத்தாழ்வே ஒரு குட்டி மின்கலம். கலம் ஓடும்வரை புழு ஊர்ந்துகொண்டே இருக்கும். ஆழமாகத் துளைக்காது என்பதால் சக்கரத்தின் பலம் போய்விடாது, அழகுதான் போகிறது.

டெட்ராய்ட் இருக்கும் மிச்சிகன் மாநிலத்தில் குளிர்காலம் முழுக்கச் சாலையில் உப்புக் கொட்டுவார்கள். சாதாரண உப்பு, காற்றின் ஈரப்பதம் சுமார் 75 சதவீதத்தைத் தாண்டினால்தான் தானாகக் கசிந்து நீராகும். பனியுருக்கச் சேர்க்கும் மெக்னீசியம் குளோரைடுக்கு 33 சதவீதமே போதும். அதாவது அது ஒட்டியிருக்கும் சக்கரம் வறண்ட நாளிலும் ஈரமாகவே இருக்கும். உப்பு அப்பிய வண்டியைக் கதகதப்பான கராஜில் நிறுத்துவது அன்பு என்று பலர் நினைக்கிறார்கள். வெளியே உறைபனியில் மந்தமாகக் கிடக்கும் வேதிவினைகளுக்கு அந்தக் கதகதப்பு விருந்து.

ஆகவே பழைய சக்கரத்தைப் புதுப்பிப்பதில் பெயின்ட் அடிப்பது சின்ன வேலை. பெரிய வேலை, பழைய பூச்சையும் அதற்கடியில் ஒளிந்திருக்கும் உப்பையும் ஒரு துளி விடாமல் வெளியேற்றுவது. இதை நான் கற்றுக்கொள்ள ஒரு சக்கரத்தை ஏறக்குறையப் பலிகொடுத்தேன். அடுப்பு சுத்தம் செய்யும் நுரையை அடித்துப் பத்து நிமிடம் விட்டால் பூச்சு உரிந்துவிடும் என்று யாரோ சொன்னதை நம்பினேன். அந்த நுரையில் இருப்பது காஸ்டிக் சோடா. அது ஆக்சைடு கவசத்தையும் கரைக்கும், அலுமினியத்தையும் கரைக்கும், கரைக்கும்போது ஹைட்ரஜனை வெளிவிடும். பூச்சு ஏற்கெனவே உரிந்திருந்த இடங்களில் சக்கரம் பொரிகடலைபோலச் சடசடத்தது. கழுவினால் கரிபடிந்த சட்டிபோல இருந்தது. வார்ப்புக் கலவையில் ஏறக்குறைய 7 சதவீதம் சிலிக்கான் இருக்கிறது. உருகிய உலோகம் அச்சின் மூலைமுடுக்கெல்லாம் ஓடுவதற்காகச் சேர்ப்பது. அலுமினியத்தைக் காஸ்டிக் தின்றுவிட, கரையாமல் மிஞ்சிய சிலிக்கான்தான் அந்தக் கருப்பு.

முன்பு பெயின்ட் உரிக்கும் பசைகளில் டைகுளோரோமீத்தேன் இருந்தது. நொடியில் வேலை செய்யும். மூடிய அறையில் சுவாசித்து இறந்தவர்கள் உண்டு. 2019இல் அமெரிக்கச் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமை அந்தப் பசைகளைப் பொதுமக்களுக்கு விற்பதைத் தடை செய்தது. இப்போது கிடைப்பவை பெரும்பாலும் பென்சைல் ஆல்கஹால் வகை. மெதுவாகத்தான் ஊறும். இரவு தடவி பிளாஸ்டிக் தாளால் மூடிவிட்டுத் தூங்கப் போய்விடலாம்.

அடுத்தது உப்புத்தாள். பெயரில்தான் உப்பு, ஆனால் கழுவாத சக்கரத்தை உலரத் தேய்த்தால் உண்மையிலேயே உப்புத்தாளாகிவிடும், உப்பைக் குழிகளுக்குள் திணித்து மூடும். தண்ணீர் விட்டு, சொரசொரப்பு எண் 180இல் தொடங்கி 320, 400 என்று படிப்படியாக ஏற வேண்டும், ஒவ்வொரு படியிலும் அலச வேண்டும். கடைசியில் ஒரு குவளைத் தண்ணீரை மேலே ஊற்றிப் பாருங்கள். தாமரை இலைத் தண்ணீர்போல உருண்டு ஓடினால் எண்ணெய்ப் பிசுக்கு மிச்சமிருக்கிறது. உடையாத ஏடாகப் பரவினால் சுத்தம். டயர் வந்து உட்காரும் உள்விளிம்பையும் மறக்கக் கூடாது. அங்கே பூத்த வெள்ளைப் பொடி, தான் பிறந்த உலோகத்தைவிட அதிக இடம் பிடித்து ரப்பரைத் தள்ளும். வாரம் ஒருமுறை காற்றடிக்க வைக்கும் மர்மக் கசிவுக்குப் பல நேரம் அதுதான் காரணம்.

பிறகு உலோகத்தை லேசாக அரித்துப் பிடித்துக்கொள்ளும் பிரைமர், வெள்ளி நிறம், மேலே நிறமற்ற பூச்சு. டப்பாவிலிருந்து பீச்சலாம், பொறுமை இருந்தால் நன்றாகவே வரும். கடினப்படுத்தியோடு கலக்கும் இரட்டைப் பூச்சு இன்னும் உறுதியானது. ஆனால் அதிலுள்ள ஐசோசயனேட் என்ற வேதிப்பொருள் ஆஸ்துமாவை வரவழைக்கக்கூடியது. தூசிக்கான முகமூடியை மட்டும் நம்பி அதைத் தொடாதீர்கள்.

பவுடர் கோட்டிங் கடைக்குக் கொடுப்பவர்கள் ஒன்றைத் தெரிந்துகொள்ள வேண்டும். அங்கே பெயின்ட்டைத் தூளாகவே, 1,00,000 வோல்ட் வரை மின்னேற்றி, பூமியோடு இணைத்த சக்கரத்தின் மீது ஊதுகிறார்கள். மின்னேற்றம் தூளைச் சுற்றி வளைத்துப் பின்புறமும் ஒட்டவைக்கும். குறுகிய மூலைகளுக்குள் மட்டும் மின்புலம் நுழையாது. ஆரக்கால்கள் சேரும் இடுக்கில் பூச்சு மெலிந்திருப்பது அதனால்தான். பிறகு 180 முதல் 200 டிகிரி செல்சியஸ் சூட்டில் பத்து, இருபது நிமிடம் வைத்து உருக்குகிறார்கள்.

இந்தச் சூடுதான் எனக்குக் கவலை. சக்கரத்துக்குப் பலம் தருவது சுமார் 0.3 சதவீத மெக்னீசியம். தொழிற்சாலையில் 540 டிகிரி அளவில் காய்ச்சி, தண்ணீரில் முக்கி, மறுபடி 160 டிகிரி அளவில் சில மணி நேரம் வைக்கிறார்கள். அப்போது மெக்னீசியமும் சிலிக்கானும் சேர்ந்து நுண்ணிய துகள்களாக உலோகம் முழுக்கப் பதிகின்றன. அவைதான் சக்கரம் வளைந்துகொடுப்பதைத் தடுப்பவை. அதைவிட அதிகச் சூட்டில் நெடுநேரம் வைத்தால் சின்னத் துகள்கள் கரைந்து பெரியவற்றோடு சேர்ந்துவிடும், பலம் குறையும். ஒருமுறை 200 டிகிரியில் கால் மணி நேரம் என்றால் இழப்பு சொற்பம். பழைய பூச்சைச் சூளையில் எரித்தே எடுக்கும் கடைகள் இருக்கின்றன. அங்கே சூடு 370 டிகிரியைத் தாண்டும். வெளியே வரும் சக்கரம் புதுசுபோல மின்னும், உள்ளே மெத்தென்று ஆகியிருக்கும். கொடுக்கும் முன் எப்படி உரிப்பீர்கள் என்று கேளுங்கள். பதிலில் சூளை வந்தால் சக்கரத்தைத் திரும்ப எடுத்துக்கொண்டு வந்துவிடுங்கள்.

பூசவே கூடாத இடங்களும் இரண்டு உண்டு: ஹப்போடு ஒட்டும் பின்முகம், நட்டு உட்காரும் கூம்புக் குழி. சக்கரத்தை வண்டியோடு சேர்த்துவைப்பது போல்ட்டின் இழுவிசை. முறுக்கும்போது போல்ட்டு ஸ்பிரிங்போல நீள்கிறது. எவ்வளவு? மில்லிமீட்டரில் பத்தில் ஒரு பங்குகூட இல்லை. பவுடர் பூச்சின் கனமோ அந்த அளவை நெருங்குகிறது. அழுத்தத்தில் பூச்சு மெல்லப் பிதுங்கி விலகினால், போல்ட்டு நீண்டிருந்த நீளத்தில் பெரும்பங்கு காணாமல் போய்விடும், பிடியும் கூடவே போகும்.

பூசும்போது குழிகளை மறைக்க நான் சக்கரத்துக்கு ஐந்தாகக் காகித உருளை செய்து செருகியிருந்தேன். மாட்டிய பின் 60 மைல் ஓட்டிவிட்டு, வழக்கப்படி, குறித்த இறுக்கம் வந்ததும் சொடுக்கும் முறுக்குவிசை ஸ்பானரை வைத்து எல்லா நட்டுகளையும் சரிபார்த்தேன். பத்தொன்பது நட்டுகள் அசையாமல் சொடுக்கின. பின்பக்க இடது சக்கரத்தில் ஒன்று மட்டும் கால் சுற்றுத் திரும்பிய பிறகே சொடுக்கியது. கழற்றிப் பார்த்தேன். உருளை நழுவிய இடத்தில், குழியின் ஓரத்தில், நகக்கண் அளவுக்கு ஒரு வெள்ளித் திட்டு நசுங்கிக் கிடந்தது.