பெட்டியில் வைத்த 12 முட்டை, கோழிக்கு வைத்த 11 முட்டை

எங்கள் கொல்லையில் ஆறு சிறுவிடைப் பெட்டைகளும் ஒரு சேவலும் இருக்கின்றன. போன மாசியில் ஒரு பெட்டை அடைக்கு உட்கார்ந்தது. அதுவரை எட்டு நாளாகச் சேர்த்திருந்த 23 முட்டைகளை இரண்டாகப் பிரித்தேன். பழைய முட்டைகள் 12-ஐ, தெர்மாகோல் பெட்டியில் நானே செய்த இன்குபேட்டரில் வைத்தேன். புதிதாக விழுந்த 11-ஐக் கோழிக்கு வைத்தேன். அதுவே நியாயமான போட்டி இல்லைதான். கோழி 10 குஞ்சு பொரித்தது, பெட்டி 4. பெட்டியில் மீதியான எட்டு முட்டைகளை உடைத்துப் பார்த்தேன். அடைகாத்தல் என்றால் என்ன என்று எனக்குச் சொல்லிக் கொடுத்தவை பொரித்தவை அல்ல, அந்த எட்டுதான்.

சிறுவிடை தமிழ்நாட்டின் சிறிய உடம்புள்ள நாட்டுக்கோழி. அசில் வகையைப் பெருவிடை என்போம். இது அதற்கு எதிர். பெட்டை ஒன்றேகால் கிலோ வந்தாலே பெரிது. முட்டை 40 கிராமை ஒட்டி இருக்கும். ஒரு சுற்றில் பத்துப் பன்னிரண்டு முட்டை இட்டுவிட்டு, போதும் என்று அடைக்கு உட்கார்ந்துவிடும். எடையும் இல்லை, முட்டையும் அதிகம் இல்லை. அதனால் ஊர் ஊராகப் பெரிய சேவலை விட்டுக் கலந்துவிட்டார்கள். கடையில் நாட்டுக்கோழி என்று விற்பதில் பெரும்பாலானவை கலப்புதான். கலக்காத சிறுவிடை வேண்டுமென்றால் தேடி அலைய வேண்டியிருக்கிறது.

சரி, எட்டு முட்டைகளுக்கு வருவோம்.

ஒன்று கருவே கூடாதது. மஞ்சள் கரு முழுசாக, ரத்தக் கோடு ஒன்றுகூட இல்லாமல் இருந்தது. கோழி வளர்க்கிற பலருக்கும் தெரியாத ஒரு விஷயம் இங்கே இருக்கிறது. சேவல் ஒரு முறை மிதித்தால் அது அன்றைய முட்டைக்கு மட்டும் இல்லை. பெட்டையின் கருக்குழாயில் நுண்ணிய பைகள் உண்டு. விந்தணுக்கள் அவற்றில் இரண்டு வாரம், சில சமயம் மூன்று வாரம்கூட உயிரோடு தங்கி, தினம் இறங்கி வரும் மஞ்சள் கருவைச் சேரும். இனத்தைச் சுத்தமாக வைக்க நினைப்பவருக்கு இதில் ஒரு வம்பு உண்டு. பக்கத்து வீட்டுக் கலப்புச் சேவல் வேலி தாண்டி வந்து போனால், அதன் பிள்ளைகள் மூன்று வாரம் வரை உங்கள் கூடையில் விழலாம்.

இரண்டு முட்டைகளில் சிவப்பாக ஒரு வளையம் மட்டும் இருந்தது. கரு உண்டாகி, நாலைந்து நாளுக்குள் செத்ததற்கு அடையாளம் அது. தப்பு என்னுடையது. முட்டை வெளியே விழும்போதே கரு ஒரு நாள் வயதானது. தாயின் உடம்புச் சூடு 41 டிகிரி செல்சியஸை ஒட்டியது. அந்தச் சூட்டில் ஏறக்குறைய 25 மணி நேரம் இருந்துவிட்டுத்தான் அது வருகிறது. வெளியே வந்து ஆறியதும் வளர்ச்சி நின்று கரு தூங்கப் போகிறது. ஆனால் அது முழுதாகத் தூங்க வேண்டுமென்றால் 21 டிகிரிக்குக் கீழே போக வேண்டும். மாசி மதியத்தில் எங்கள் சமையலறை அலமாரி 32 டிகிரி. அந்தச் சூட்டில் கரு தூங்கவும் இல்லை, ஒழுங்காக வளரவும் இல்லை. அரைகுறையாக விழித்துக் கிடந்து பலவீனப்பட்டுவிட்டது. இப்போது மண்பானையில் மணல் போட்டு நீர் தெளித்து, நிழலில் வைத்து, அதன்மேல் முட்டையைக் கூர்முனை கீழாக நிறுத்தி வைக்கிறேன். ஒரு வாரத்துக்கு மேல் வைப்பதில்லை.

இன்னும் இரண்டில் கரு ஓட்டின் உட்தோலோடு ஒட்டிக் காய்ந்திருந்தது. மஞ்சள் கருவில் கொழுப்பு அதிகம் என்பதால் அது மேலே மிதக்கும். கரு அதன் உச்சியில் உட்கார்ந்திருக்கும். முட்டை அசையாமல் கிடந்தால் கரு மேல் ஓட்டின் தோலில் போய் ஒட்டிக்கொள்ளும். கோழி இதற்காகத்தான் பகலும் இரவும் அலகால் முட்டைகளை உருட்டிக்கொண்டே இருக்கிறது. ஓரத்தில் கிடப்பதை நடுவுக்கும் நடுவில் இருப்பதை ஓரத்துக்கும் மாற்றுகிறது. உருட்டுவதில் இன்னொரு பலனும் உண்டு: ஓட்டின் உள்பக்கம் படரும் ரத்த நாளங்கள் எல்லாப் பக்கமும் பரவி, ஓட்டிலுள்ள ஆயிரக்கணக்கான துளைகள் வழியாக மூச்சு வாங்குகின்றன. நான் முதல் வாரத்தில் ஒரு கல்யாணத்துக்குப் போய் இரண்டு நாள் உருட்டாமல் விட்டேன். கோழி எந்தக் கல்யாணத்துக்கும் போகாது. தினம் ஒரு தடவை இறங்கும், கால் மணி நேரத்தில் மேய்ந்து, தண்ணீர் குடித்து, எச்சம் போட்டுவிட்டுத் திரும்பிவிடும்.

அந்தக் கால் மணி நேரத்தில் முட்டை ஆறுவதால் ஒன்றும் கெடுவதில்லை. மின்சாரம் போனால் பதறுகிறவர்களுக்கு இதைச் சொல்ல வேண்டும்: கரு குளிரை ஓரளவு தாங்கும், சூட்டைத் தாங்காது. மின்விசிறி வைத்த பெட்டிக்கு 37.5 டிகிரி சரி. 40-ஐத் தாண்டினால் சில மணி நேரத்திலேயே சேதம். கோழிக்கு இந்தக் கணக்கு தேவையில்லை. அடை நாட்களில் அதன் வயிற்றில் இறகு உதிர்ந்து, ரத்த ஓட்டம் கூடி, சூடான வெறும் தோல் ஒன்று உருவாகிறது. முட்டையைத் தொடுவது அந்தத் தோல்தான். சூடு தருவதும் சூட்டைக் கணிப்பதும் அதுவே.

மீதி மூன்றுதான் வயிற்றெரிச்சல். முழுக் குஞ்சு, இறகோடு, ஓட்டுக்குள்ளேயே செத்திருந்தது. சுற்றிலும் கொழகொழவென்று நீர். முட்டை அடைக்காலத்தில் எடை குறைய வேண்டும். 18 நாளில் நூற்றுக்கு 12 பங்கு அளவுக்கு நீர் ஆவியாகப் போக வேண்டும். 42 கிராம் முட்டை என்றால் 5 கிராம். அப்படிப் போகும் நீரின் இடத்தில்தான் அகன்ற முனையில் காற்றறை பெரிதாகிறது. குஞ்சின் முதல் மூச்சு அந்தக் காற்றறையில்தான். நான் என்ன செய்தேன்? ஈரம் வேண்டும் என்று எங்கோ படித்துவிட்டு, முதல் நாளிலிருந்தே இரண்டு கிண்ணம் தண்ணீர் வைத்து, ஆவி வெளியே போகாமல் காற்றுத் துளைகளையும் டேப் ஒட்டி அடைத்தேன். நீர் போக வழியில்லை, காற்றறை வளரவில்லை. கடைசி நாட்களில் பிராணவாயு அதிகம் தேவைப்படும்போது அதுவும் போதவில்லை. முதல் 18 நாள் ஈரப்பதம் 50 சதவீதத்தை ஒட்டி இருந்தால் போதும். கடைசி மூன்று நாளுக்குத்தான் 65, 70 வேண்டும். கடலோர ஊர்களில் ஐப்பசி மாதம் தண்ணீர்க் கிண்ணமே வேண்டியிருக்காது. இப்போது நகைத் தராசு மாதிரி ஒரு சின்னத் தராசு வாங்கி, வாரம் ஒரு முறை முட்டையை நிறுத்துப் பார்க்கிறேன்.

பொரித்த நாலு குஞ்சுகளைப் பெட்டியின் கண்ணாடி வழியாகப் பார்த்துக்கொண்டிருந்தேன். 19, 20-ஆம் நாளில் உள்ளே காற்று குறைந்து கரியமிலவாயு கூடுகிறது. அது குஞ்சின் பிடரியிலுள்ள ஒரு தனித் தசையைத் துடிக்க வைக்கிறது. பொரிப்பதற்கென்றே தடித்த தசை அது. தலை எம்பி அலகு காற்றறைக்குள் நுழைகிறது, நுரையீரல் வேலையைத் தொடங்குகிறது. முட்டைக்குள்ளிருந்து கீச்சென்று சத்தம் வருவது அப்போதுதான். பிறகு அலகு நுனியிலுள்ள பல் போன்ற முனையால் ஓட்டில் ஒரு விரிசல். அப்புறம் பல மணி நேரம் ஒன்றுமே நடக்காது. முழு இரவு ஆகலாம். பொறுமை இல்லாதவர்கள் ஓட்டைப் பிய்த்து உதவப் போவது இந்த நேரத்தில்தான். குஞ்சு ரத்தம் கசிந்து சாவதும் இதனால்தான். உள்ளே அது சும்மா இல்லை. ஓட்டுத் தோலின் நாளங்களிலிருந்த ரத்தத்தை உடம்புக்குள் இழுத்துக்கொள்கிறது, மிச்ச மஞ்சள் கருவைத் தொப்புள் வழியாக வயிற்றுக்குள் வாங்கிக்கொள்கிறது. பொரித்த குஞ்சு இரண்டு நாள் தீனி இல்லாமல் தாங்குவது அந்த மஞ்சள் கருவினால். எல்லாம் முடிந்தபின் உடம்பைச் சுழற்றி ஓட்டை வட்டமாக வெட்டி, மூடியைத் தள்ளிக்கொண்டு வருகிறது.

கோழியின் கூடையில் அம்மா ஒரு இரும்பு ஆணியும் அடுப்புக்கரித் துண்டும் போட்டு வைத்திருந்தார். இடி இடித்தால் கூமுட்டை ஆகிவிடும் என்று. ஆணி இடியைத் தடுக்கும் என்று நான் நம்பவில்லை. இடியோடு வரும் ஈரக்காற்றும் நனைந்த வைக்கோலும்தான் கூமுட்டைக்குக் காரணம் என்பது என் சந்தேகம். நனைந்த ஓட்டின் துளை வழியாகக் கிருமி எளிதில் உள்ளே போகும். பத்துக் குஞ்சு வந்த பிறகு இதையெல்லாம் அம்மாவிடம் எடுத்துச் சொல்ல எனக்குத் துணிச்சல் வரவில்லை.

கோழி உட்காருவதே ஒரு சுரப்பின் வேலை. பாலூட்டிகளில் பால் சுரக்க வைக்கும் புரோலாக்டின்தான் கோழியை அடைக்கு உட்கார வைக்கிறது, முட்டையிடுவதையும் நிறுத்துகிறது. வயிற்றுத் தோலில் முட்டை பட்டுக்கொண்டிருக்கும் வரை அது சுரந்துகொண்டே இருக்கும். அடையைத் தெளிய வைக்க ஊரில் கோழியைத் தண்ணீரில் முக்குவது முழு மூடநம்பிக்கை இல்லை. கூட்டை விட்டு விலகி வயிறு குளிர்ந்தால் சுரப்பு இறங்குகிறது. மூக்கில் இறகு குத்துவது வெறும் கொடுமை. முட்டைக்காகவே பொறுக்கிப் பெருக்கிய லெகார்ன் போன்ற இனங்கள் இந்தக் குணத்தைப் பெரும்பாலும் இழந்துவிட்டன. அடைக்கு உட்காருபவை ஒதுக்கப்பட, உட்காராதவையே தாயாயின. சிறுவிடையை இன்குபேட்டரில் மட்டுமே பெருக்கினாலும் மெல்ல அதுதான் நடக்கும். உட்காரத் தெரியாத பெட்டைக்கும் அங்கே பிள்ளை உண்டே! அதனால் பெட்டியில் பொரிப்பதைக் கறிக்கும் விற்பனைக்கும் விடுகிறேன். அடுத்த தலைமுறைப் பெட்டைகளைக் கோழி பொரித்ததிலிருந்துதான் எடுக்கிறேன்.

அதற்குள் இன்னொரு கணக்கு இடிக்கிறது. ஆறு பெட்டை, ஒரு சேவல் என்றால் ஏழு கோழிகள் என்று நினைப்போம். மரபியல் கணக்கு வேறு. ரத்த உறவு நெருங்கும் வேகத்தை வைத்து, இந்த ஏழும் உண்மையில் எத்தனை கோழிக்குச் சமம் என்று அது பார்க்கிறது. சேவல், பெட்டை எண்ணிக்கைகளைப் பெருக்கி, அதை நாலால் பெருக்கி, மொத்தத் தொகையால் வகுக்க வேண்டும்: 24-ஐ 7 ஆல் வகுத்தால் 3.4. பெட்டையை 20 ஆக்கினாலும் 3.8-தான். இன்னொரு சேவலைச் சேர்த்தால் அதே ஆறு பெட்டைக்கு 6 ஆகிவிடும். ஒரே சேவலோடு போனால் ஒவ்வொரு தலைமுறைக்கும் ரத்த உறவு நூற்றுக்கு 15 அளவில் நெருங்கும். அதன் விளைவு முதலில் தெரிவதே பொரிப்பில்தான். கரு கூடிய முட்டைகள் காரணம் இல்லாமல் சாக ஆரம்பிக்கும்.

ஆகவே இந்த வருடம் பக்கத்து ஊர்க்காரர் ஒருவரிடம் சேவலுக்குச் சேவல் மாற்றிக்கொண்டேன். எங்கள் பழைய சேவல் போய், செவலை நிறத்தில் ஒரு முரடன் பஞ்சாரத்துக்கடியில் கத்திக்கொண்டிருக்கிறான். அவன் வந்து இன்றோடு ஒன்பது நாள். பழையவன் விட்டுப்போனது இன்னும் பெட்டைகளிடம் இருக்கும், அதனால் இன்னும் பன்னிரண்டு நாளைக்கு விழுகிற முட்டையெல்லாம் ஆம்லெட்.