பில்லைக் காட்டச் சொன்னால் தெரியும்

பசுமைச் சந்தைப்படுத்தலில், அதாவது சுற்றுச்சூழலுக்கு உகந்தது என்று சொல்லிப் பொருள் விற்பதைப் பற்றி, பிஎச்டி செய்ய வருகிறவர்களிடம், உங்கள் வீட்டில் பாத்திரம் கழுவ என்ன சோப்பு, அதை ஏன் வாங்குகிறீர்கள் என்றுதான் முதலில் கேட்பேன். விலை என்பார்கள், இல்லையென்றால் அம்மாதான் வாங்குவாங்க. அதே மாணவர் கொண்டுவரும் வினாப்பட்டியலில் மட்டும் "சுற்றுச்சூழலுக்கு உகந்த பொருளுக்குக் கூடுதல் விலை கொடுப்பேன்" என்ற வரி தவறாமல் இருக்கும், நிரப்பியவர்களில் பெரும்பாலோர் 'முற்றிலும் உடன்படுகிறேன்' என்று டிக் அடித்திருப்பார்கள்.

துறை அப்படியே நின்றுவிடவில்லை. 1975-இல் அமெரிக்க மார்க்கெட்டிங் சங்கம் இதற்கென்று முதல் பயிலரங்கு நடத்தியபோது மாசு, எரிபொருள் என்றுதான் பேச்சு. அப்புறம் 'பசுமை நுகர்வோர்' யார் என்ற தேடல். 2007-இல் டெர்ராசாய்ஸ் என்ற நிறுவனம் 1,018 பொருட்களின் பசுமை வாசகங்களைச் சோதித்து, ஒன்றே ஒன்றைத் தவிர மற்ற எல்லாவற்றிலும் பொய்யோ பூசி மெழுகலோ இருப்பதாகச் சொன்னது. அதற்குப் பிறகு கிரீன்வாஷிங், அதாவது பசுமை என்று பொய்யாகக் காட்டிக்கொள்வது பற்றிய ஆய்வுகள் பெருகின. இங்கேயும் 2024 அக்டோபரில் மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் விதிமுறை கொண்டுவந்துவிட்டது, 'ஈகோ ஃப்ரெண்ட்லி' என்று சும்மா அச்சடிக்க முடியாது, ஆதாரம் வேண்டும். அதற்கு முன், அதற்குப் பின் என்று பழைய, புதிய பாக்கெட்டுகளைச் சேர்த்து ஒப்பிட்டாலே நல்ல ஆய்வேடு கிடைக்கும்.

ஆனால் நம்மிடம் வரும் ஆய்வேடுகளில் முக்கால்வாசி, உளவியலாளர் அஜ்சென் 1991-இல் எழுதிய திட்டமிட்ட நடத்தைக் கோட்பாட்டை எடுத்து, மனப்பான்மை, சுற்றத்தார் எதிர்பார்ப்பு, தன்னால் முடியும் என்ற எண்ணம் மூன்றையும் வாங்கும் எண்ணத்தோடு இணைத்து, கூகுள் ஃபார்மை வாட்ஸ்அப் குரூப்பில் தட்டிவிட்டு முடித்தவை. அஜ்செனின் படத்தில் எண்ணத்துக்கு அடுத்து நடத்தைக்கு ஓர் அம்புக்குறி போகும், அதை யாரும் தொடுவதில்லை. ஹார்வர்டு பிசினஸ் ரிவ்யூவில் 2019-இல் வந்த கட்டுரை ஒன்று சுட்டிய கணக்கெடுப்பில், சுற்றுச்சூழல் அக்கறையை முன்வைக்கும் பிராண்டுகளை வாங்க விருப்பம் என்றவர்கள் 65 சதவீதம், வாங்கியவர்கள் 26 தான்!

என் மாணவி ஒருவர், படிவம் நிரப்பியவர்களிடமே மறுபடி போய் அந்த மாத மளிகை பில்லைக் காட்டச் சொன்னார். பாதிப் பேர் நழுவினார்கள். காட்டியவர்களில் சிலரிடம் செக்கெண்ணெய், நாட்டுச்சர்க்கரை எல்லாம் இருந்தது, அவருக்கு ஒரே சந்தோஷம். ஏன் வாங்குகிறீர்கள் என்று கேட்டிருக்கிறார்.

சுகர், முட்டிவலி, பேரனுக்கு நல்லது.

எங்கள் வினாப்பட்டியலில் அதற்குக் கட்டமே இல்லை.