கரையில் கிடப்பதெல்லாம் செத்த நண்டல்ல

தேவிபட்டினம், மண்டபம் பக்கம் மீனவர்களோடு வேலை செய்யும் என்னிடம் பலரும் கேட்பது: "கரையில நண்டா செத்துக் கிடக்கே, தண்ணி கெட்டுப்போச்சா?" ஒன்றை எடுத்து முதுகோட்டின் பின்விளிம்பைத் தூக்கிப் பாருங்கள். உள்ளே சதையில்லை, நாற்றமில்லை என்றால் அது நண்டு கழற்றிப்போட்ட ஓடு. சதையோடு அழுகிக் கிடந்தால்தான் விசாரிக்க வேண்டும்.

கண்மாய்த் தவளையும் தோலுரிக்கும். தோல் வழியாக மூச்சுவிட்டு, தோலாலேயே தண்ணீரையும் உறிஞ்சுகிற உயிர் அது. மேல்தோல் புதிதாக இருந்தாக வேண்டும். உரித்ததைக் காலால் வாய்க்குள் தள்ளி விழுங்கிவிடுவதால் நம் கண்ணில் படுவதில்லை. கடல்பாம்பு நிலத்துப் பாம்பைவிட அடிக்கடி உரிக்கும். உடம்பில் ஒட்டிய பாசியும், கொட்டலசு என்கிற சின்ன ஓட்டுயிரும் அதோடு போய்விடும்.

நண்டுக்கு ஓட்டைக் கழற்றாமல் வளரவே முடியாது. பழைய ஓட்டுக்கடியில் மெத்தென்று புது ஓடு உருவாகும். அப்புறம் தண்ணீரை உள்ளிழுத்து உப்பி, பின்பக்கம் பிளந்து, பின்னோக்கி வெளியே வரும். கண்ணை மூடிய உறை, செவுளின் மேலுறை, இரைப்பையின் உள்ளுறைகூடக் கழன்றுவிடும். முன்பு ஒடிந்த கால் சிறிதாக முளைத்திருக்கும்.

நீல நண்டில் பெண் இணைசேர்வது ஓடு கழற்றிய உடனே, உடம்பு மெத்தென்று இருக்கும்போதுதான். அதற்குச் சில நாள் முன்பிருந்தே ஆண் அதைச் சுமந்து திரியும். அப்போது வாங்கிய விந்தைச் சேமித்துவைத்து, பிறகு லட்சக்கணக்கில் முட்டையிடும். ஓடு இறுகாத பெண் நண்டு வலையில் சாவது பாக் நீரிணையின் வருங்கால நண்டுகளுக்குப் பெரிய இழப்பு.

வருமானக் கணக்கிலும் அது வீண்தான். உள்ளே தண்ணீர்தான் அதிகம், சதை குறைவு, நல்ல விலை போகாது. கொஞ்ச காலம் கடலில் இருந்தால் ஓடு இறுகி, சதை நிறைந்து, எடை கூடும்.

ஆகவே அண்ணன்மாரே, வலையைத் தட்டும்போது நண்டின் அடிப்பக்கத்தை விரலால் லேசாக அழுத்திப் பாருங்கள். அமுங்கினால் உயிரோடு கடலில் விடுங்கள். இழுத்தால் கால் பிய்ந்துவிடும்; சிக்கியிருக்கும் கண்ணியை மட்டும் அறுத்து எடுங்கள். கரைக்குக் கொண்டுவந்து விடுவதைவிட, பிடித்த இடத்திலேயே, கடற்புல் இருந்தால் அதன்மேல், விடுவது நல்லது. ஓடு இறுகும்வரை ஒளிந்துகொள்ள அதற்கு இடம் வேண்டும்.