நியூட்ரான் நாய்ஸ்: இரைச்சல் அல்ல, தளும்பல்

"ஏன் மாமா, தாராப்பூர்ல ராத்திரி தூங்கவே முடியாதா?" செம்பூரில் அக்கா மகள் கேட்டாள். கையில் அணு உலைகளைப் பற்றிய ஒரு தமிழாக்கக் குறுநூல். 'கொதிநீர் உலையில் நியூட்ரான் இரைச்சல் ஓய்வதில்லை' என்று அச்சாகியிருந்தது. தாராப்பூர் அணுமின் நிலையத்தில் இருப்பது அந்த வகை உலையும்தான். இந்த 'இரைச்சலை' எத்தனை இடத்தில்தான் பார்ப்பது!

அணுக்கருவில் உள்ள, மின்னூட்டம் இல்லாத துகளான நியூட்ரானுக்கு நொதுமி என்ற நல்ல சொல் உண்டு. நட்பும் பகையும் அல்லாத அயலாரைக் குறிக்கும் நொதுமலர் என்ற பழஞ்சொல்லின் வழி வந்தது. வம்பு நாய்ஸில்தான். உலைக்குள் நியூட்ரான்களின் எண்ணிக்கை ஓயாமல் சற்றே ஏறி இறங்குவதைத்தான் ஆங்கிலத்தில் நியூட்ரான் நாய்ஸ் என்கிறார்கள். வானொலியில் மின்னோட்டத்தின் தாறுமாறான ஏற்ற இறக்கம் 'உஸ்'ஸென்று காதில் விழுந்தது. ஆங்கிலத்தில் அந்தப் பெயர் வந்தது. பிறகு ஓசையே இல்லாத ஏற்ற இறக்கங்களுக்கும் அதுவே நிலைத்தது. அந்தப் பழக்கத்தை நாம் ஏன் சுமக்க வேண்டும்?

சோற்றுக்கு வைத்த உலையைப் பாருங்கள். அடியில் குமிழி பிறந்து மேலேறுகிறது, நீர்மட்டம் தளதளக்கிறது. 1969 முதல் மின்சாரம் தந்த தாராப்பூரின் முதல் இரண்டு உலைகளிலும் எரிபொருள் கோல்களுக்கு நடுவே நீர் கொதித்துத்தான் நீராவியாகிறது. நியூட்ரானின் வேகத்தைத் தணிப்பது நீர். குமிழி கடக்கும் இடத்தில் நீர் குறைகிறது, தணிந்த நியூட்ரானும் குறைகிறது, அதை அளக்கும் அங்குள்ள உணரியின் அளவு சற்றே தாழ்ந்து மீள்கிறது. கீழ் உணரியில் கண்ட அசைவு சிறிது நேரம் கழித்து மேல் உணரியில் தெரியும். அந்த இடைவெளியை வைத்து நீராவி ஏறும் வேகத்தையே கணக்கிடலாம். இவ்வளவு சேதி சொல்வதை 'இரைச்சல்' என்றால், வடிகட்டி எறிய வேண்டிய குப்பை என்றல்லவா வாசகர் நினைப்பார்?

நாய்ஸை 'அலைவு' (ஆசிலேஷன்) என்று எழுதும் சிலரும் இருக்கிறார்கள். அது இன்னும் ஆபத்து. அலைவுக்குச் சீரான காலமுறை உண்டு. 1988 மார்ச்சில் அமெரிக்காவின் லாசால் இரண்டாம் உலையில் நடந்ததுதான் அலைவு: நீரைச் சுழலவிடும் பம்புகள் நின்றபின் திறன் சில நொடிக்கொருமுறை ஏறி இறங்கி, முழுத் திறனின் 118 விழுக்காட்டைத் தொட்டதும் உலை தானாக நின்றது. அன்றாடக் குமிழி அசைவுக்கும் அதற்கும் ஒரே சொல்லா? மூலத்தில் இரண்டு சொல் இருக்கும்போது தமிழில் ஒன்றாக்குவது எளிமை அல்ல, பிழை.

என் பரிந்துரை 'நொதுமித் தளும்பல்'. இடுப்பில் தூக்கிவரும் குடத்து நீர்போல, ஒரு மட்டத்தைச் சுற்றி ஒழுங்கில்லாமல் ஏறி இறங்குவது. சிந்துவதையும் அது குறிக்குமே என்று ஒரு நண்பர் தடுத்தார். குறிக்கும், ஆனால் தளும்பும் குடமெல்லாம் சிந்துவதில்லை.

குறுநூலில் 'இரைச்சலை' அடித்துவிட்டு மேலே பென்சிலால் எழுதிக் கொடுத்தேன். "ஓ, தண்ணி ஆடுற மாதிரியா?" என்றாள்.