வார்னிஷைப் பார்த்து மரப்படகு வாங்காதீர்கள்

இந்தக் கோடையிலும் அதே கதைதான். அமெரிக்காவின் கிறிஸ்-கிராஃப்ட் நிறுவனம் 1950களில் கட்டிய மர மோட்டார் படகு. ‘முழுக்கப் புதுப்பித்தது’ என்று விற்றவர் சொன்னதை நம்பி, வாங்கியவர்கள் மொத்தப் பணத்தையும் கொடுத்துவிட்டார்கள். பிறகு காப்பீட்டு நிறுவனம் சோதனை அறிக்கை கேட்டதால் என்னைக் கூப்பிட்டார்கள். பக்கப்பலகையில் முகம் பார்க்கலாம், அப்படி ஒரு பளபளப்பு. குரோமியம் பூச்சு புதுசு, இருக்கை உறை புதுசு. டிரெய்லருக்கு அடியில் படுத்துக்கொண்டு, ஏராவை, அதாவது அடியில் நீளவாக்கில் ஓடும் முதுகெலும்புக் கட்டையை, ஒட்டிய முதல் பலகையில் குத்தூசியை வைத்தேன். வெண்ணெயில் இறங்குவது மாதிரி இறங்கியது. சிவப்புப் பெயின்டைச் சுரண்டினால், கார் டிங்கரிங் கடையில் பூசுகிற பட்டிதான் விரல் தடிமனுக்கு வந்தது.

நான் மரைன் சர்வேயர், படகுகளைச் சோதித்து அறிக்கை கொடுப்பது என் வேலை. கனடாவின் ஒண்டாரியோ மாகாணத்து மஸ்கோகா ஏரிகளில்தான் பெரும்பாலும் வேலை. டிட்ச்பர்ன், மினெட்-ஷீல்ட்ஸ், கிரீவெட், டியூக் என்று அருமையான மரப்படகுகளை இந்தப் பக்கத்து ஊர்களிலேயே கட்டியிருக்கிறார்கள். அவற்றை யாராவது ஆசையாக வாங்கி ஓட்டினால் எனக்குச் சந்தோஷம். அதனால்தான் இவ்வளவு வருத்தமும்.

“18 கோட் வார்னிஷ் அடித்திருக்கிறார்கள், பாருங்கள்!” வாங்கியவர்கள் எல்லோரும் முதலில் எனக்குக் காட்டுவது இதைத்தான். தயவுசெய்து கேளுங்கள். வார்னிஷ் அடிப்பது தண்ணீருக்கு மேலே தெரிகிற பாகத்துக்கு. வெயில் மரத்தைக் கெடுக்காமல் இருக்கவும் அழகுக்கும்தான் அது. உங்களையும் உங்கள் பிள்ளைகளையும் தாங்குவது அடிப்பாகம். மணிக்கு 30 மைல் வேகத்தில் போகும்போது ஒவ்வொரு அலையிலும் அடி வாங்குவது அதுதான். அங்கே வார்னிஷ் கிடையாது, கெட்டியான பெயின்ட். அந்தப் பெயின்டுக்கு அடியில் நல்ல மரமும் இருக்கலாம், இற்றுப்போன மரமும் இருக்கலாம். வெளியிலிருந்து பார்த்தால் இரண்டும் ஒன்றுதான். 18 கோட் அடித்தவர் அடிப்பலகையைத் தொட்டே இருக்க மாட்டார் என்று சொல்லவில்லை. தொட்டாரா என்பதை வார்னிஷ் சொல்லாது என்கிறேன். மேலே செலவழித்தால் விலை ஏறும், கீழே செலவழித்தால் யார் கண்ணுக்கும் தெரியாது. விற்பவருக்கு இது நன்றாகத் தெரியும்.

அந்தக் காலத்துக் கிறிஸ்-கிராஃப்ட் அடி இரண்டு அடுக்கு. உள்ளே சாய்வாக மெல்லிய பலகைகள், வெளியே நீளவாக்கில் தடித்த பலகைகள், நடுவில் பிசுக்குக் கலவையில் தோய்த்த கேன்வாஸ். எல்லாவற்றையும் சட்டங்களோடு பிடித்திருப்பவை ஸ்க்ரூக்கள். கேன்வாஸ் காய்ந்து உதிரும், ஸ்க்ரூ அரிக்கும், சட்டம் இற்றுப்போகும். 70 வருடமாக அதே அடி என்று யாராவது பெருமையாகச் சொன்னால், விலையைக் குறைத்துக் கேளுங்கள். ஏரித் தண்ணீரைவிட மழைத் தண்ணீர்தான் இந்தப் படகுகளுக்கு எமன். மேல்தள இடுக்கு வழியாக இறங்கி, பின்பலகையின் மூலைகளில் தேங்கி, மரத்தைப் பூஞ்சை தின்ன வழிசெய்யும்.

இற்ற மரத்தை அப்படியே விட்டு மேலே ஃபைபர் கிளாஸ் ஒட்டுவது இன்னும் மோசம். ஈரம் உள்ளேயே சிக்கிக்கொள்ளும். பழசை முழுக்கக் கழற்றி, சட்டங்களையும் மாற்றி, 3M நிறுவனத்தின் 5200 மாதிரியான பாலியூரித்தேன் பசை போட்டுப் புதிதாகக் கட்டுகிற அடி வேறு விஷயம். அதற்கு நான் குறை சொல்ல மாட்டேன்.

சரி, என்ன கேட்க வேண்டும்? படகைக் கவிழ்த்துப் போட்டு, பலகை கழற்றிய நிலையில் எடுத்த படங்களைக் கேளுங்கள். ஒழுங்காக வேலை செய்த பட்டறையில் இவை கட்டாயம் இருக்கும். படம் இல்லையா, அடியில் வேலையே நடக்கவில்லை என்று வைத்துக்கொண்டு விலை பேசுங்கள். இரண்டு மூன்று ஸ்க்ரூவைக் கழற்றிப் பார்க்கச் சம்மதமா என்று கேளுங்கள். பித்தளை ஸ்க்ரூ இளஞ்சிவப்பாக இருந்தால் அதிலிருந்த துத்தநாகம் போய்விட்டது, திருகும்போதே தலை முறியும். சம்மதிக்காதவரிடம் வாங்காதீர்கள். கிறிஸ்-கிராஃப்ட் என்றால் படகின் எண்ணையும் சரிபாருங்கள். வர்ஜீனியா மாநிலத்தின் நியூபோர்ட் நியூஸ் நகரில் உள்ள மரைனர்ஸ் மியூசியத்தில் அந்த நிறுவனத்தின் பழைய பதிவு அட்டைகள் இருக்கின்றன. இத்தனையும் பணம் கொடுப்பதற்கு முன்னால். கொடுத்த பிறகு என்னைக் கூப்பிட்டால் நான் கெட்ட செய்தி மட்டும்தான் சொல்ல முடியும்.

பழைய முறை அடி, குளிர்காலம் முழுக்கக் கொட்டகையில் காய்ந்துவிட்டு முதல்நாள் தண்ணீரில் இறங்கும்போது ஒழுகத்தான் செய்யும். பதற வேண்டாம். படகைத் தூக்குகிற பட்டைவாரிலேயே தண்ணீரில் தொங்கவிட்டு, பலகை ஊறி உப்பும்வரை பம்ப் ஓடட்டும். ஒரு வாரம் கழித்தும் பம்ப் நிற்காமல் ஓடினால்தான் கவலை.

எஞ்சினைப் பற்றி ஒன்று மட்டும் கெஞ்சிக் கேட்கிறேன். மலிவாகக் கிடைக்கிறது என்று கார் ஸ்டார்ட்டர், கார் ஆல்டர்னேட்டர், கார் கார்புரேட்டர் மாட்டியிருப்பார்கள். பார்வைக்கு ஒன்றுபோலவே இருக்கும். ஆனால் படகுக்கு உரிய ஸ்டார்ட்டரும் ஆல்டர்னேட்டரும் பொறி வெளியே வராதபடி செய்யப்பட்டவை, கார்புரேட்டர் பெட்ரோல் வெளியே வழியாதபடி செய்யப்பட்டது. பெட்ரோல் ஆவி காற்றைவிடக் கனம். படகின் அடியில் தங்கும், தானாக வெளியே போகாது. கார் பாகம் ஒன்று இருந்தாலும் மாற்றாமல் ஓட்டாதீர்கள். பெட்ரோல் போடும்போது எல்லோரையும் கரையில் இறக்குங்கள். அப்புறம் எஞ்சின் மூடியைத் திறந்து முகர்ந்து பாருங்கள், ஆவியை வெளியே தள்ளும் விசிறியான புளோயரைக் குறைந்தது 4 நிமிடம் ஓடவிடுங்கள், அதன் பிறகு சாவியைத் திருப்புங்கள். பிள்ளைகள் ஏறுவது எஞ்சின் ஓடத் தொடங்கிய பிறகு.